அரை, கால், அரைக்கால், வீசம்: ப்ளாஷின் கணக்கு



கேமராவின் தலையில் மாட்டும் ப்ளாஷ் ஒன்றை எடுத்து அதன் பின்பக்கத்தைப் பாருங்கள். 'எம்' என்று ஓர் எழுத்து தெரியும். பக்கத்தில் 1/1 என்று இருக்கும். பட்டனை அழுத்த அழுத்த 1/2, 1/4, 1/8, 1/16, 1/32, 1/64, கடைசியாக 1/128 என்று இறங்கும். 'எம்' என்றால் மேனுவல். எவ்வளவு வெளிச்சம் வேண்டும் என்பதைக் கேமரா தீர்மானிக்காது, நாம்தான் சொல்ல வேண்டும் என்று பொருள்.

போட்டோ எடுக்கிறவர்களில் பலர் இந்தப் பக்கமே போவதில்லை. ஆட்டோவில் போட்டுவிட்டு அடித்துக்கொண்டே இருப்பார்கள். நன்றாக வந்தது வந்தது, மற்றதைக் கம்ப்யூட்டரில் தேற்றிக்கொள்வார்கள். ஆனால் இந்த எட்டு எண்களுக்குள் நாம் படித்த கெப்பாசிட்டர் இருக்கிறது, பவர் எலக்ட்ரானிக்ஸ் இருக்கிறது, பள்ளிக்கூடத்துக் கணக்கும் இருக்கிறது. அதை எனக்குத் தெரிந்த அளவில் எளிமையாகச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நான் மூன்றாம் ஆண்டு ஈ.சி.ஈ. மாணவன். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள். அப்பா சோமனூர்ப் பக்கம் விசைத்தறி ஓட்டுகிறார். முகூர்த்த நாட்களில் ஒரு போட்டோகிராபர் அண்ணனோடு லைட் பிடிக்கப் போகிறேன். கருமத்தம்பட்டி, அன்னூர், அவினாசி, பல்லடம் என்று மண்டபம் மண்டபமாக அலைந்ததில் கைச்செலவுக்குக் காசும் கிடைத்தது, இந்தப் பாடமும் கிடைத்தது.

அப்பாரு சொன்ன வாய்ப்பாடு

எங்க அப்பாரு பள்ளிக்கூடம் போனதில்லை. அடுத்தவர் தோட்டத்தில் தண்ணி கட்டிப் பிழைத்தவர். ஆனால் அரை, கால், அரைக்கால், வீசம் என்று வாயாலேயே கணக்குப் போடுவார். பழைய தமிழ்க் கணக்கில் 1/2 அரை, 1/4 கால், 1/8 அரைக்கால், 1/16 வீசம். இதை மாகாணி என்றும் சொல்வார்கள். அதற்கும் கீழே 1/32 அரை வீசம், 1/64 கால் வீசம், 1/128 அரைக்கால் வீசம்.

இப்போது மறுபடி ப்ளாஷின் பின்பக்கத்தைப் பாருங்கள். ஒன்று விடாமல் அதே படிகள்! ப்ளாஷ் செய்தவன் ஜப்பான்காரனோ சீனாக்காரனோ, வாய்ப்பாடு என்னவோ நம்ம அப்பாருகளின் வாய்ப்பாடு.

எங்கள் அண்ணனும் தமிழில்தான் சொல்வார். ஒரு கல்யாணத்தில் மேடையிலிருந்து "தம்பி, கால்ல வை!" என்று கத்தினார். அன்றைக்குப் புதிதாக வந்திருந்த பையன் ப்ளாஷ் ஸ்டாண்டைத் தூக்கிக்கொண்டு போய் மாப்பிள்ளையின் காலடியில் வைத்துவிட்டான்! மாப்பிள்ளை உட்பட மேடையே சிரித்தது. அந்தச் சிரிப்புப் படம் ஆல்பத்தில் நன்றாகவே வந்தது.

உள்ளே என்ன இருக்கிறது?

நான்கு பென்சில் பேட்டரி போடுகிறோம். சார்ஜ் ஏற்றும் பேட்டரி என்றால் ஒன்றுக்கு 1.2 வோல்ட், மொத்தம் 4.8 வோல்ட். உள்ளே இருக்கும் ஆஸிலேட்டரும் டிரான்ஸ்ஃபார்மரும் சேர்ந்து இதைச் சுமார் 330 வோல்ட்டுக்கு உயர்த்தி, ஒரு பெரிய கெப்பாசிட்டரில் நிரப்பும். ப்ளாஷ் ஆன் செய்ததும் 'கீ...' என்று மெல்லிய சத்தம் கேட்குமே, அது இந்த வேலை நடக்கும் சத்தம்.

வெளிச்சம் தருவது செனான் வாயு அடைத்த கண்ணாடிக் குழாய். சாதாரணமாக அந்த வாயு மின்சாரத்தைக் கடத்தாது. நாம் ஷட்டரை அழுத்தியதும் டிரிக்கர் காயிலிலிருந்து சில ஆயிரம் வோல்ட் ஒரு துடிப்பாகக் குழாயின்மேல் பாயும். வாயு அயனியாகும், வழி திறக்கும், கெப்பாசிட்டரில் இருந்த அத்தனையும் குழாய் வழியாகக் கொட்டும்.

எவ்வளவு கொட்டும்? நமக்குத் தெரிந்த சூத்திரம்தான். மின்னழுத்தத்தை வர்க்கமாக்கி, கொள்ளளவால் பெருக்கி, இரண்டால் வகுக்க வேண்டும். 1000 மைக்ரோ ஃபாரட், 330 வோல்ட் என்று வைத்துக்கொண்டால் சுமார் 54 ஜூல். 54 ஜூல் ஒரு பெரிய விஷயமா என்று நினைக்காதீர்கள். அது ஒரு விநாடியில் 300-ல் ஒரு பங்கு நேரத்தில் வெளியேறினால், அந்தக் கணத்தில் சராசரித் திறன் 16 கிலோவாட்டுக்கு மேல். தோட்டத்துக் கிணற்றில் ஓடும் 5 எச்.பி. மோட்டார் நான்கைச் சேர்த்து ஓட்டினாலும் 15 கிலோவாட்தான் வரும்! செல்போனில் இருக்கும் எல்.இ.டி. விளக்கு இதன் பக்கத்தில்கூட வர முடியாது.

மடையை அடைப்பதுதான் சூட்சுமம்

இப்போது முக்கியமான கேள்வி. 1/4 என்று வைத்தால் உள்ளே என்ன குறைகிறது?

மேஜை விளக்கை மங்கலாக்குவது போல ப்ளாஷும் மங்கலாக எரிகிறது என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. நம்ம ஊர்ப் பாசனத்தை நினைத்துப் பாருங்கள். தொட்டி நிறையத் தண்ணீர் இருக்கிறது. பாத்திக்குக் கால் தொட்டித் தண்ணீர் மட்டும் விட வேண்டும். இரண்டு வழி இருக்கிறது. தொட்டியிலேயே குறைவாக நிரப்பித் திறந்துவிடலாம். அல்லது நிறைந்த தொட்டியை முழுசாகத் திறந்து, கால் பங்கு போனதும் மடையை அடைத்துவிடலாம். கேமரா ப்ளாஷ் செய்வது இரண்டாவது வழி. ஒவ்வொரு தடவையும் அதே வேகத்தில் ஆரம்பிக்கிறது. வேண்டிய அளவு போனதும் ஐ.ஜி.பி.டி. என்கிற செமிகண்டக்டர் சுவிட்ச் மின்னோட்டத்தை வெட்டிவிடுகிறது. பழைய ப்ளாஷ்களில் இந்த வெட்டும் வேலையைத் தைரிஸ்டர் செய்தது.

ஆகவே 1/4 என்பது நேரத்தை வெட்டும் கணக்கு. ஆனால் கால் பங்கு வெளிச்சம் என்றால் சரியாகக் கால் பங்கு நேரம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. தொட்டி நிறைந்திருக்கும்போது தண்ணீர் வேகமாகப் பாயும், குறையக் குறைய ஒழுகும். கெப்பாசிட்டரும் அப்படித்தான். பாதி வெளிச்சம் பாதி நேரத்துக்கு முன்பே வெளியே வந்துவிடும்.

முதல் வழியும் உலகத்தில் இல்லாமல் இல்லை. ஸ்டூடியோவில் வைக்கும் பெரிய ப்ளாஷ்கள் சிலவற்றில் வோல்டேஜைக் குறைத்து வெளிச்சத்தைக் குறைப்பார்கள். அங்கே ஒரு கணக்கைக் கவனிக்க வேண்டும். ஆற்றல் வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், 330-ஐப் பாதியாக்கி 165 வைத்தால் அரை கிடைக்காது, கால்தான் கிடைக்கும். அரை வேண்டுமென்றால் சுமார் 233 வோல்ட் வைக்க வேண்டும். வைவாவில் கேட்டால் இதைச் சொல்லுங்கள், மார்க் நிச்சயம்!

சிறிய எண், கூர்மையான படம்

நேரத்தை வெட்டுவதால் இன்னொரு லாபமும் வருகிறது. நாங்கள் பயன்படுத்தும் கோடாக்ஸ் டி.டி.600 என்ற ப்ளாஷில் முழு பவரில் வெளிச்சம் நிற்பது விநாடியில் 300-ல் ஒரு பங்கு. கடைசி எண்ணான 1/128-ல் 20,000-ல் ஒரு பங்கு! எண் இறங்க இறங்க வெளிச்சம் குறைவது மட்டுமல்ல, அசைவும் உறைந்து நிற்கும். மேலிருந்து தூவும் அட்சதை முழு பவரில் லேசாகக் கோடு இழுக்கும், வீசத்தில் ஒவ்வோர் அரிசியும் தனித்தனியாக அந்தரத்தில் நிற்கும்.

இந்த வித்தையை உலகுக்குக் காட்டியவர் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் இருந்த ஹெரால்டு எட்ஜர்டன். அவர் போட்டோகிராபராக ஆரம்பிக்கவில்லை, எலக்ட்ரிகல் இன்ஜினியராக ஆரம்பித்தார். ஓடுகிற மோட்டாரின் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க ஆசைப்பட்டு, 1931-ல் ஸ்ட்ரோபோஸ்கோப் விளக்கை உருவாக்கினார். 1957-ல் ஒரு பால் துளி விழுந்து கிரீடம் போல எழும்பும் நொடியை வண்ணத்தில் பிடித்தார்.

மோட்டாரும் கேமராவும் ஒரே மனிதரின் கையில் இருந்த கதை நம்ம கோவைக்கும் உண்டு. பள்ளிப் படிப்பு அதிகம் இல்லாத ஜி.டி. நாயுடு 1936-ல் லண்டனில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் இறுதி ஊர்வலத்தைத் தம் கேமராவில் படம் பிடித்தார். 1937-ல் டி. பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து கோவையில் மின் மோட்டார் தயாரித்ததும் அவரே. மோட்டாரைக் கழற்றத் தெரிந்தவனுக்குக் கேமராவும் பிடிபடும் என்பதற்கு இவர்கள் இருவருமே சாட்சி.

இன்றைக்குச் சத்தியமங்கலத்திலும் ஆனைமலையிலும் புலிகளைக் கணக்கெடுப்பது தானியங்கி கேமராக்களால்தான். ஒரு புலியின் வரி இன்னொரு புலிக்கு இருக்காது, நம் கைரேகை போல. இந்த முறையை 1990-களின் தொடக்கத்தில் கர்நாடகத்தின் நாகரஹொளே காட்டில் உல்லாஸ் கரந்த் நம் நாட்டில் நிலைநாட்டினார். இருட்டில் நடந்து போகிற புலியின் வரி கலங்காமல் விழ வேண்டுமென்றால், கண் இமைப்பதற்குள் வந்து போகிற ப்ளாஷ் வெளிச்சம் மிகவும் உதவும்.

தூரமும் எண்ணும்

வெளிச்சம் தூரத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் குறையும். ப்ளாஷிலிருந்து 2 மீட்டரில் நிற்பவருக்கு ஒரு பங்கு வெளிச்சம் என்றால் 4 மீட்டரில் நிற்பவருக்குக் கால் பங்குதான். மண்டபத்தில் முன்வரிசை முகம் வெளுத்துப் பின்வரிசை முகம் இருண்டு போவது இதனால்தான். ப்ளாஷைப் பின்னுக்கு இழுத்து 4 மீட்டர், 6 மீட்டர் என்று ஆக்கினால் வித்தியாசம் ஏறக்குறைய இரண்டு மடங்காகச் சுருங்கிவிடும். ஆனால் வெளிச்சமும் குறைந்துவிடுமே? எனவே எண்ணை ஏற்ற வேண்டும். 2 மீட்டரில் வீசம் போதும் என்றால் 4 மீட்டரில் கால் வேண்டும்.

இதைச் சுலபமாக்கத்தான் கைடு நம்பர் என்று ஒன்றை வைத்தார்கள். தூரத்தையும் லென்ஸ் துவாரத்தின் 'எஃப்' எண்ணையும் பெருக்கினால் வருவது கைடு நம்பர். முழு பவரில் 40 என்றிருக்கும் ஒரு ப்ளாஷை எடுத்துக்கொள்வோம் (தூரம் மீட்டரில், ஐ.எஸ்.ஓ. 100). வெளிச்சம் பாதியானால் கைடு நம்பர் பாதியாகாது, 1.4-ஆல் வகுபடும்.

1/1 முழுசு: 40
1/2 அரை: 28
1/4 கால்: 20
1/8 அரைக்கால்: 14
1/16 வீசம்: 10
1/32 அரை வீசம்: 7
1/64 கால் வீசம்: 5
1/128 அரைக்கால் வீசம்: 3.5

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மணமக்கள் ப்ளாஷிலிருந்து 2.5 மீட்டரில் நிற்கிறார்கள். எஃப் 8 வைக்கிறோம். இரண்டையும் பெருக்கினால் 20. பட்டியலில் 20 எங்கே? காலில். ஆகவே 1/4. ஐ.எஸ்.ஓ.வை 400 ஆக்கினால் கேமராவின் உணர்திறன் நான்கு மடங்காகும், வெளிச்சம் நான்கில் ஒன்று போதும். காலில் கால் வீசம். ஆகவே 1/16. அவ்வளவுதான்!

இதில் இரண்டு எச்சரிக்கை. பெட்டியில் பெரிதாக அச்சடித்திருக்கும் கைடு நம்பர், ப்ளாஷின் ஜூம் தலையை மிகக் குறுக்கி வைத்தபோது வருவது. தலையை அகலமாக்கினால் அது குறையும். அதேபோல் குடையிலோ கூரையிலோ வெளிச்சத்தை மோதவிட்டுத் திருப்பினாலும் குறையும். ஆகவே நம் ப்ளாஷுக்கு, நம் குடைக்கு, நாமே ஒருமுறை சோதித்து எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

ஷட்டர் வேகத்தைப் பற்றி ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். ப்ளாஷ் வெளிச்சம் கண நேரத்தில் வந்து போய்விடுவதால், ஷட்டர் விநாடியில் 60-ல் ஒரு பங்கு திறந்திருந்தாலும் சரி, 125-ல் ஒரு பங்கு திறந்திருந்தாலும் சரி, முகத்தில் விழும் ப்ளாஷ் அளவு மாறாது. மாறுவது பின்னால் எரியும் சீரியல் பல்பின் வெளிச்சம்தான். சீரியல் பல்பு நன்றாகத் தெரிய வேண்டுமா, ஷட்டரை மெதுவாக்குங்கள். முகத்தை மாற்ற வேண்டுமா, ப்ளாஷின் எண்ணை மாற்றுங்கள். ஒன்று இன்னொன்றைத் தொந்தரவு செய்யாது.

ஆட்டோ ஏன் ஏமாறுகிறது?

கணக்கெல்லாம் எதற்கு, ஆட்டோ இருக்கிறதே என்று கேட்கும் நண்பர்களுக்குத் திருப்பூரை உதாரணம் காட்டுகிறேன். ஒரு வெள்ளைப் பனியனையும் ஒரு கறுப்புப் பனியனையும் தனித்தனியாகப் பிரேம் நிறைய வைத்து ஆட்டோவில் அடியுங்கள். வெள்ளை சாம்பலாக வரும். கறுப்பும் சாம்பலாக வரும்!

காரணம் இதுதான். ஆட்டோ ப்ளாஷ் எதிரில் இருக்கும் பொருள் திருப்பி அனுப்பும் வெளிச்சத்தை அளக்கிறது. எதிரில் இருப்பது சராசரியான சாம்பல் நிறம் என்று நம்பிக்கொள்கிறது. நிறைய வெளிச்சம் திரும்பி வந்தால் 'அதிகம்' என்று சட்டென மடையை அடைத்துவிடும். குறைவாக வந்தால் 'போதாது' என்று கொட்டித் தீர்க்கும். இன்றைய கேமராக்கள் முன்பைவிடக் கெட்டிதான், முகத்தைக்கூடக் கண்டுபிடிக்கின்றன. ஆனாலும் அளப்பது திரும்பி வரும் வெளிச்சத்தைத்தான். மேனுவலுக்கு எதிரில் வெள்ளைப் பனியனா, கறுப்புப் பனியனா என்ற கவலையே இல்லை. ஒரே தூரம், ஒரே எண், ஒரே வெளிச்சம். வெள்ளை வெள்ளையாக வரும், கறுப்பு கறுப்பாக வரும். நாற்பது நிறத்தில் பனியன் படம் எடுத்துப் பையருக்கு அனுப்புகிறவர்களுக்கு இது எவ்வளவு முக்கியம் என்று யோசித்துப் பாருங்கள்.

பனியனுக்கு நடப்பதுதான் முகத்துக்கும் நடக்கிறது. நம்ம பக்கத்துக் கல்யாணத்தில் மாப்பிள்ளை வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. மாமன் மச்சான், பெரியவர்கள் எல்லாருமே வெள்ளையும் சொள்ளையுமாக நிற்பார்கள். அத்தனை வெள்ளையையும் பார்த்து ஆட்டோ பயந்து வெளிச்சத்தை வெட்டிவிடும். வேட்டி மட்டும் சரியாக வரும். நடுவில் இருக்கிற கருத்த முகம் இருட்டில் போய்விடும்.

எங்க அப்பா அம்மா கல்யாணம் 2005-ல் நடந்தது. பிலிம் காலம். ஆல்பம் வீட்டில் இருக்கிறது. அதில் அப்பாவின் சட்டையில் மடிப்பு மடிப்பாகத் தெரிகிறது. அம்மாவின் முகத்தில் கண்ணும் பல்லும் மட்டும்தான் தெரிகிறது. சின்ன வயதில் நான் கேட்டபோதெல்லாம் அம்மா சொன்ன பதில் ஒன்றேதான்: "நாங் கறுப்பாச்சே கண்ணு, எனக்கெல்லாம் போட்டோ இப்படித்தான் உழுகும்." இருபது வருடமாக அதை நம்பிக்கொண்டிருந்தார்கள். யாராவது போட்டோ எடுக்க வந்தால் பின்னால் போய் நின்றுகொள்வார்கள்.

அம்மா மட்டும் தனியாக நம்பவில்லை. உலகமே அப்படித்தான் இருந்தது. பிலிம் காலத்தில் கோடாக் நிறுவனம் லேப்களுக்கு நிறத்தைச் சரிபார்க்க 'ஷெர்லி கார்டு' என்று ஒரு மாதிரிப் படம் கொடுத்தது. பல வருடங்கள் அதில் இருந்தது வெள்ளைக்காரப் பெண் மட்டுமே. அவர் நிறம் சரியாக வந்தால் எல்லாம் சரி! 1990-களின் நடுவில்தான் பல நிறத்துப் பெண்களைச் சேர்த்து நிறுத்திய கார்டு வந்தது. ஆக, அளவுகோலே வேறு யாரையோ வைத்து அளந்தது.

சென்ற பொங்கலுக்கு அண்ணனின் ப்ளாஷை வாங்கி வந்து, திண்ணையில் அம்மாவை உட்கார வைத்தேன். குடையைப் பக்கவாட்டில் வைத்து, சோதித்து எழுதி வைத்திருந்த எண்ணைப் போட்டு, கருத்த முகத்துக்கு அண்ணன் எப்போதும் செய்வது போல அரைப் படி ஏற்றி அடித்தேன். அம்மா கறுப்பாகத்தான் வந்தார்கள். கன்னத்தில் மினுமினுப்பு இருந்தது, நெற்றிச் சுருக்கம் இருந்தது, சிரிப்பு இருந்தது. கேமராவின் திரையை வெகுநேரம் பார்த்துவிட்டு, "ஏங்கண்ணு, மூக்குத்தியில கல்லுகூடத் தெரியுது" என்றார்கள்.

கல்யாண வீட்டில் "கொஞ்சம் கலர் ஏத்திக் குடுங்க தம்பி" என்று கேட்கிறவர்கள் உண்டு. அது அவரவர் விருப்பம். ஆனால் படத்தில் முகமே இல்லாமல் எடுத்துவிட்டு, நிறத்தின் மேல் பழி போடுவது நியாயமில்லை. வேட்டிக்கு வெளிச்சம் வைத்தது யாருடைய தோல்குற்றம்?

கெட்டிமேளம் ஒருமுறைதான்

இனி பேட்டரி விஷயம். முழு பவரில் ஒருமுறை அடித்தால் தொட்டி காலி. திரும்ப நிரம்ப எங்கள் ப்ளாஷுக்கு நல்ல பேட்டரி போட்டாலும் இரண்டரை விநாடி ஆகும். பேட்டரி இறங்கியிருந்தால் இன்னும் அதிகம். தாலி கட்டும்போது முதல் முடிச்சுக்கு முழு பவரில் அடித்தவர் அடுத்ததற்குக் காத்துக்கொண்டு நிற்பார். கெட்டிமேளம் அவருக்காகக் காத்திருக்காது!

காலில் வைத்தால் தொட்டியில் முக்கால் பங்கு மிச்சம் இருக்கும். நிரப்ப வேண்டியது கால் பங்குதான். அடுத்த ப்ளாஷ் உடனே தயார். வீசத்தில் வைத்தால் படபடவென்று அடிக்கலாம். ஆகவே அனுபவசாலிகள் ஐ.எஸ்.ஓ.வை ஏற்றிக்கொண்டு எண்ணைக் கீழேயே வைத்திருப்பார்கள். பேட்டரியும் மிச்சமாகும். முழு பவரில் சுமார் 230 தடவை வரும் பேட்டரி, காலில் அதைப்போல் பல மடங்கு வரும். தவிர, முழு பவரில் விடாமல் அடித்தால் தலை சூடேறி ப்ளாஷ் தானாகவே வேலைநிறுத்தம் செய்துவிடும்.

எண் இல்லாத காலம்

இந்த வசதியெல்லாம் இல்லாத காலமும் இருந்தது. 1887-ல் ஜெர்மனியில் மக்னீசியம் கலந்த ப்ளாஷ் பொடியை உருவாக்கினார்கள். பற்ற வைத்தால் வெடித்து எரியும், புகை மண்டும், கை வெந்தவர்களும் உண்டு. 1930-ஐ ஒட்டி ப்ளாஷ் பல்பு வந்தது. ஒருமுறை எரிந்தால் பல்பைத் தூக்கி எறிய வேண்டியதுதான். அரை, கால் என்று குறைக்க வழியே இல்லை. அன்றைய போட்டோகிராபர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? ப்ளாஷின் மேல் வெள்ளைக் கைக்குட்டையைப் போர்த்தினார்கள். ஒரு மடிப்புப் போட்டால் வெளிச்சம் ஏறக்குறைய அரை, இரண்டு மடிப்புப் போட்டால் ஏறக்குறைய கால். இன்று பட்டன் செய்வதை அன்று கைக்குட்டை செய்தது.

ஒரு வேண்டுகோள்

நம் கை சும்மா இருக்காது, எதைக் கண்டாலும் கழற்றிப் பார்ப்போம். ஆனால் ப்ளாஷை மட்டும் வீட்டில் கழற்றாதீர்கள். பேட்டரியை எடுத்து வெகுநேரம் ஆன பிறகும் கெப்பாசிட்டரில் 300 வோல்ட் நிற்கலாம். விரல் பட்டால் உயிருக்கே ஆபத்து. பார்க்க ஆசையிருந்தால் லேபில், ஆசிரியர் முன்னிலையில், ரெசிஸ்டர் வைத்து டிஸ்சார்ஜ் செய்த பிறகு பாருங்கள். அதேபோல் பழைய கடையில் கிடைக்கும் பழங்கால ப்ளாஷை டிஜிட்டல் கேமராவில் நேராக மாட்டாதீர்கள். சிலவற்றில் டிரிக்கர் முனையிலேயே நூறு வோல்ட்டுக்கு மேல் வரும். கேமரா போர்டு போய்விடும். மல்டிமீட்டரில் அளந்து பார்த்துவிட்டு மாட்டுங்கள்.

நீங்களே செய்து பாருங்கள்

1. ப்ளாஷை ஓரிடத்தில் வைத்து, 2 மீட்டர் தள்ளி ஒரு நண்பரை நிற்க வையுங்கள். எஃப் 8, ஐ.எஸ்.ஓ. 200, ஷட்டர் 125-ல் வைத்து 1/1-லிருந்து 1/128 வரை எட்டுப் படம் எடுங்கள். நடுவில் வேறெதையும் மாற்றாதீர்கள்.

2. எட்டில் எது முகத்துக்குச் சரியாக இருக்கிறது என்று பாருங்கள். அந்த எண்ணை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி ப்ளாஷின் பின்னால் ஒட்டுங்கள். தூரம் 1.4 மடங்கானால் ஒரு படி ஏற்ற வேண்டும், இரு மடங்கானால் இரண்டு படி ஏற்ற வேண்டும்.

3. அதே இடத்தில் நல்ல சிவப்பான நண்பரையும் நல்ல கறுப்பான நண்பரையும் மாறி மாறி நிறுத்தி அதே எண்ணில் எடுங்கள். பிறகு ஆட்டோவில் போட்டு எடுங்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நான் நான்கு பக்கத்தில் எழுதியதை அந்த நான்கு படங்கள் சொல்லிவிடும்.

நம் வகுப்பில் பாதிப் பேர் என்னைப் போல வீட்டில் முதல் ஆளாகப் படிக்க வந்தவர்கள். மூன்று வருடம் முடிந்து போகும்போது எடுக்கும் குரூப் போட்டோவைத்தான் நம் வீட்டுச் சுவரில் மாட்டப் போகிறார்கள். வருகிறவர் போகிறவர்களிடம் எல்லாம் "இதுதான் எம் பையன்", "இதுதான் எம் பொண்ணு" என்று விரல் வைத்துக் காட்டப் போகிறார்கள். விரல் வைக்கிற இடத்தில் ஒரு முகம் இருக்க வேண்டும் அல்லவா? ஆகவே அன்றைக்கு யார் கேமராவோடு வந்தாலும், வெள்ளைச் சட்டை போட்டு வரிசையாக நிற்கும் நாம் எல்லாரும் ஒரே குரலில் சொல்வோம்: "அண்ணா, ஆட்டோ வேண்டாங்ணா. கால்ல வைங்ணா!"